சின்னப் பாலத்துச் சுவர்

ஐயா, கூட்டத்தோடு நடக்கிறவர்கள் வழி இரண்டாகப் பிரிந்தால் வலது பக்கம்தான் திரும்புவார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கால் அப்படித்தான் போகிறது. பெலிகன் துறை என்கிற சாப்பாட்டுத் தெருவில் பதினோரு வருடம் கடை வாசலில் நின்று பார்த்தவள் சொல்கிறேன். எங்கள் கடை இடது பக்கம்.

அந்த இடத்துக்கு வரைபடம் போட்டவர் ஒரு நாளும் பசியோடு நடந்திருக்க மாட்டார். பக்கத்துக் கேளிக்கைப் பூங்காவில் விளையாடி முடித்தவர்கள் சாப்பாட்டுத் தெருவுக்கு வருகிறார்கள். வலது பக்கமாகக் குளத்தைச் சுற்றுகிறார்கள், மேடையில் பாட்டுக் கேட்கிறார்கள், அப்படியே சின்னப் பாலம் ஏறிக் கார் நிறுத்தத்துக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் அந்தப் பாலத்தில் ஏறாமல் இன்னும் தள்ளிப் போனால் இருக்கிறோம், கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால். எங்கள் கதவைத் திறப்பவர்களில் பாதிப் பேர் கழிப்பறைக்கு வழி கேட்க வந்தவர்கள். பசியா அவசரமா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

காலிக் கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். அதனால் என் கணவர் எஃப்ராயினை ஜன்னலோரம் வாடிக்கையாளராக உட்கார வைப்பேன். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு இடது கால் இழுக்கும். உட்காரும் வேலை அவருக்கும் தோதாக இருந்தது. மணிக்கு ஒரு சட்டை மாற்றிக்கொள்வார்.

"நெரே, இன்னிக்கு நான் யாரு?" என்று என்னைக் கேட்பார்.

"டெக்சாஸ்காரன். தொப்பியைப் போட்டுக்கோ."

"டெக்சாஸ்காரன் தினமுமா மொஃபோங்கோ திம்பான்? பூண்டு வாசனை என் தலையணை வரைக்கும் ஏறிடுச்சு."

வாழைக்காயைப் பொரித்துப் பூண்டோடு இடித்துச் செய்வது அது. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் எங்கள் வீட்டைப் புயல் கொண்டுபோன பிறகு எங்களிடம் மிஞ்சியது அந்தக் கைப்பக்குவம் ஒன்றுதான். இந்த வயதில் இன்னொரு இடத்தில் ஆரம்பிக்க உடம்பில் தெம்பில்லை. கடை போனால் நாங்களும் போனோம். பயமாக இருந்தது ஐயா.

மார்ச் மாதம் நிர்வாகத்திலிருந்து கோர்ட்னி வந்து எங்கள் வாசலிலேயே ஒரு பலகையை நட்டாள். நல்ல பெண். 'இந்த இடத்தில் என்ன உணவகம் வந்தால் மகிழ்வீர்கள்?' என்று எழுதி, பக்கத்தில் அட்டைகளும் பேனாவும் வைத்தாள். எங்கள் குத்தகை செப்டம்பரில் முடிகிறது.

"நாங்க இன்னும் உயிரோடத்தான் இருக்கோம், கோர்ட்னி."

"சும்மா ஜனங்க ஆசையைத் தெரிஞ்சுக்கத்தான், நெரெய்டா. கூட்டம் வந்துட்டா நானே பலகையைப் பிடுங்கிடுவேன்."

தினமும் அட்டைகளைப் படித்தேன். சுஷி, பர்கர், டைனோசர் வடிவ டோனட். ஒரு குழந்தை இன்னொரு கழிப்பறை கேட்டிருந்தது. நானும் கையெழுத்தை மாற்றி மாற்றி மொஃபோங்கோ என்று எழுதிப் போட்டேன். கோர்ட்னி எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்த இருபது பேருக்கும் ஒரே எழுத்துப் பிழை வருதே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதன் பிறகு நான் எழுதவில்லை.

பூங்காக்களில் எதையாவது பழுதுபார்த்தால் அதை மறைத்து வர்ணச் சுவர் வைப்பார்கள். பலகையால் செய்தது, அடியில் சக்கரம் இருக்கும், முன்பக்கம் மேகமும் பறவையும் வரைந்திருக்கும். அங்கே வேலை செய்யும் ஒருவரும் வர்ணச் சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்பதில்லை. வேறு யாரோ காரணத்தோடு வைத்திருப்பார்கள் என்று போய்விடுவார்கள். ராட்டினத்துக்கு வைத்த சுவர் ஒன்று எங்கள் சமையலறைக்குப் பின்னால் மாதக்கணக்கில் கிடந்தது.

ஜூன் மாதம் ஒரு காலை, கடைகள் திறக்குமுன், நானும் எஃப்ராயினும் அதை உருட்டிக்கொண்டு போய்ச் சின்னப் பாலத்தின் வாயில் நிறுத்தினோம். ஆளுக்கு ஒரு முனையில் நின்று சக்கரப் பூட்டை மிதித்தோம். மேடைப் பக்கமிருந்து பார்த்தால் அழகான சுவர். பாலம் மூடினால் கார் நிறுத்தத்துக்கு எங்கள் வாசலைத் தாண்டித்தான் சுற்றிப் போக வேண்டும். பாலத்தின் மேல் அவசர வழி என்று பச்சை விளக்குப் பலகை ஒன்று இருந்தது. அதை மறைத்தது நானல்ல. சுவரின் உயரம் அப்படி.

நாற்பத்தோரு நாள் அது நின்றது. முதல் வாரம் காவலாளி ஒருவர் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று அறிவிப்பு ஒட்டினார். அடுத்த வாரம் வர்ணப் பிரிவிலிருந்து ஆள் வந்து ஒரு கீறலைச் சரிசெய்துவிட்டுப் போனார். பூங்கா ரசிகர்கள் படம் எடுத்துப் போட்டு, பின்னால் என்ன உணவகம் வருகிறது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். எங்கள் மேசைகள் நிறைந்தன. எஃப்ராயின் தன் சொந்தச் சட்டையோடு பாத்திரம் தேய்க்கப் போனார். கோர்ட்னி பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

"போதும் நெரே, எடுத்துடலாம். இது மழைக்காலம். ஜனங்க ஓடணும்னா எங்க ஓடுவாங்க?"

"செப்டம்பர்ல கையெழுத்து ஆகட்டும்."

"சொன்னா கேளு."

"செப்டம்பர் வரைக்கும், எஃப்ரா."

ஜூலை இருபத்தாறு, பிற்பகல் மூன்றரை மணி. மழை அங்கே தினமும் வருவதுதான். அன்று மின்னல் மேடையின் விளக்குக் கம்பத்தில் விழுந்தது. அந்தச் சத்தத்தைத் துப்பாக்கி என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். மேடைக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் சின்னப் பாலத்துக்கு ஓடினார்கள். அவர்கள் கையிலிருந்த வரைபடத்தில் அங்கே வழி இருந்தது. முன்னால் ஓடியவர்கள் சுவரில் போய் முட்டினார்கள், பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. ஓரத்தில் இருந்தவர்கள் சிதறி எங்கள் பக்கம் வந்தார்கள்.

எங்கள் சமையலறைப் பின்கதவைத் திறந்தால் சுவரின் முதுகு தெரியும். இருபது அடி தூரம் இருக்கும். பூட்டுகள் அந்தப் பக்கம்தான் இருந்தன. இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் மிதித்தால் சுவர் பின்னால் உருளும். ஒரு முனையை மட்டும் விட்டால் சாயும். இது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

எஃப்ராயின் ஈரக் கையோடு வந்து என் தோளைப் பிடித்தார். "நெரே, வா. அந்தப் பக்கம் ஜனங்க கத்துறாங்க. எனக்கு ரெண்டு காலும் ஒழுங்கா இருந்தாலும் ஒரு ஆளா முடியாது. வா."

சத்தம் எனக்கும் கேட்டது. காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் வாசலில் முப்பது பேர் நனைந்துபோய் நின்றார்கள்.

"ரெண்டு நிமிஷம்" என்றேன். "இவங்கள உக்கார வெச்சுட்டு வந்துடறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலை இழுத்துக்கொண்டு தனியாகப் போனார். நான் துண்டுகளைக் கொடுத்தேன், சூப் வைத்தேன், குழந்தைகளுக்கு உயர நாற்காலி போட்டேன். பின்னால் சுவர் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஜனங்கள் பாலத்தில் ஓடும் சத்தமும் கேட்டது. வழி திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு மேசையைத் துடைத்தேன்.

சுவரோடு நசுங்கி இறந்தவர்கள் எட்டுப் பேர் என்று நீங்கள் சொன்னீர்கள். சுவருக்கு அடியில் கிடந்தவர் ஒருவர். அவர் பெயர் எஃப்ராயின் கின்டானா என்று எழுதிக்கொள்ளுங்கள். சுவரை வைத்தது நான், எடுக்கவிடாமல் தடுத்தது நான், கூப்பிட்டபோது போகாததும் நான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் நியாயமாக ஒன்றை யோசித்துப் பாருங்கள், ஐயா. கடை நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் கடையை விட்டு வெளியே போயிருக்க மாட்டார்கள்.