மாரம்மாவுக்கு ஸ்கோர் சொன்னவருக்கு

ஓசூர் பிரஸ் ஷாப்பின் ஒப்பற்ற குரலே! தகடு அழுத்தும் இரும்பு அச்சை இம்மியும் பிசகாமல் பூட்டிய இனிய கரமே! முப்பத்தாறு ஆண்டும் முகம் சுளிக்காத முத்தே! குருபரப்பள்ளி கொடுத்த குணக்குன்றே! எங்கள் தீர்த்தகிரி அண்ணனே! வணக்கம், வணக்கம், பல்லாயிரம் வணக்கம்!

விளிப்பு இத்தோடு முடிந்தது. "எதிர்ல உக்கார வச்சு நீங்க நீங்கன்னு புகழ்ந்தீங்கன்னா, நான் பாட்டுக்கு எந்திரிச்சு பஸ் ஏறிடுவேன்" என்று அண்ணன் நேற்றே மிரட்டிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். ஆகவே இம்மடலை அவருக்குப் பழக்கமான நேர்முக வர்ணனையின் முறையில் எழுதியிருக்கிறோம். மைதானத்தில் ஓடுகிறவரைப் பார்த்து எந்த வர்ணனையாளரும் "நீங்கள்" என்று சொல்வதில்லை. "அவர் வருகிறார், வீசுகிறார்" என்றுதான் சொல்வார். இன்று ஆட்டக்காரர் அண்ணன். யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் சாவகாசமாகக் கேட்கலாம்.

சென்ற மாதம் ஓய்வுக்கான படிவத்தில் கையெழுத்துப் போட மனிதவளப் பிரிவுக்குப் போனார் தீர்த்தகிரி. "அண்ணா, உங்களுக்கு ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார் அதிகாரி ராஜலட்சுமி. மற்றவர்கள் பிஎஃப் கேட்பார்கள், மகனுக்கு வேலை கேட்பார்கள். இவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நான் போயிட்டா மாரம்மாவுக்கு யாருங்க மேடம் ஸ்கோர் சொல்றது?" என்று கேட்டார். மேடம் அந்தக் கேள்வியைப் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அந்தக் கவலைதான் இந்த ஒரு மாதமாக அவரைத் தூங்கவிடாமல் அரித்தது என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

கதையைச் செல்பேசி இல்லாத நாளிலிருந்து சொல்ல வேண்டும். அன்று கேன்டீன் ஜன்னலில் அண்ணனின் ரேடியோ இருக்கும். பெங்களூர் மத்திய அலை வரிசையை அது பிடிக்க, அவர் அதைக் குழந்தையைப் போல் இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி வைப்பார். பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் பொறி பறந்தால் போதும், வர்ணனை முழுக்கக் கரகரப்பு! "சென்னா, ரெண்டே ரெண்டு பாலு, கைய எடுப்பா!" என்று இவர் கத்துவார், வெல்டர் சென்னகிருஷ்ணனும் மறுபேச்சில்லாமல் கையை எடுப்பார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருவதைக் காதில் வாங்கி, பஸ் புறப்பாடு சொல்லும் கேன்டீன் மைக்கில் தமிழில் சொல்வார். கன்னடக்காரர் மேசைக்கு ஒரு வரி, தெலுங்குக்காரர் மேசைக்கு ஒரு வரி. இருநூறு பேர் சாப்பிட்டுக்கொண்டே ஒரே நொடியில் கத்துவோம். ஆகா, அதுவல்லவோ சோறு!

குறையே இல்லாத மனிதரா என்றால், அதுதான் இல்லை. இருபது ஆண்டுக்கு முன் ஓர் இறுதிப் போட்டி. எதிரணியின் தொடக்க ஆட்டக்காரர் நாற்பத்தொன்றில் நிற்கிறார். "அவன் அம்பது அடிச்சா பாதி மீசைய எடுத்துர்றேன்" என்று உசிலம்பட்டி அழகர்சாமி மேசையில் குத்திச் சபதம் போட்டுவிட்டான். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் பேட்டரி தீர்ந்தது! இருநூறு முகங்கள் மைக்கையே பார்க்கின்றன. "தெரியல" என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. வாய்க்கு வந்ததை அளந்தார். இரண்டு ஓவர்! ஒரு நான்கு, இன்னொரு நான்கு, தட்டிவிட்டு ஒன்று. ஆட்டக்காரருக்கு ஐம்பது, அழகர்சாமிக்குப் பாதி மீசை. வேலை முடிந்து பஸ் ஏறிய பிறகுதான் தெரிந்தது, அந்த மகராசன் நாற்பத்தொன்றிலேயே அவுட்டாம். "போன மனுசன உசுரோட வச்சு ரன்னு வாங்கிக் குடுத்திட்டியேப்பா!" என்று அழகர்சாமி கிருஷ்ணகிரி வரைக்கும் புலம்பினான். பஸ்ஸே சிரித்தது, அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நம்பி வாய் பார்த்தவர்களை ஏமாற்றிவிட்டோமே என்று அவருக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. ஸ்கோரில் இனி பொய் சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

காலம் மாறியது. ரேடியோவில் வர்ணனை வந்துகொண்டிருந்த இடத்தில் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. ஆட்டம் செல்பேசிக்குள் போனது. ரேடியோவைத் துணியில் சுற்றி லாக்கரில் வைத்துவிட்டு, அண்ணன் பேசாமல் சாப்பிட்டார். கேன்டீனிலோ நாற்பது செல்பேசி, நாற்பது நேரம்! ஒரு மேசை "அவுட்" என்று குதிக்கும்போது அடுத்த மேசையில் பந்து இன்னும் கையைவிட்டே கிளம்பியிருக்காது. கர்நாடகா டவர் பிடித்தவன் ஒரு பக்கம், தமிழ்நாடு டவர் பிடித்தவன் ஒரு பக்கம். "இதுக்குப் பேரு நேரலையா? நேத்தைய சாம்பாரு" என்பார்.

அப்படிப்பட்டவரை மறுபடி மைக்குக்கு இழுத்து வந்தவர் மாரம்மா. கேன்டீனில் சாதம் பரிமாறும் நம் மாரம்மாதான். மகள் காவேரி வேகப்பந்து வீசுகிறாள். தொழில்முறை லீக் அணி ஒன்று சென்ற ஆண்டு அவளை எடுத்தது. ஆட்டம் இணையத்தில் மட்டும்தான். தாயின் கையிலோ கரண்டி. சாதம் போட்டுக்கொண்டே எப்படிச் செல்பேசியைப் பார்ப்பது? பார்த்தாலும், "எம் புள்ள ஓடியாறது தெரியுதுண்ணா. மத்ததெல்லாம் என்னா ஆவுதுன்னே தெரியல. நீங்க முன்னாடி ரேடியோவ கேட்டு சொல்லுவீங்களே, அப்பிடி சொல்லுங்களேன்" என்றார். தீர்த்தகிரி மறுநாளே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மைக் முன் உட்கார்ந்தார். ஒரே நிபந்தனை போட்டார். மற்ற செல்பேசிகள் எல்லாம் குப்புறப் படுக்க வேண்டும். ஒரு செல்பேசி, ஒரு குரல். ஆகா, இருநூறு பேரும் மீண்டும் ஒரே நொடியில் கத்தினோம்!

அந்த அரையிறுதியை மறக்க முடியுமா? இரண்டாம் ஷிப்ட், சாப்பாட்டு நேரம். கடைசி ஓவர் காவேரிக்கு. கடைசிப் பந்து, எதிரணிக்கு நான்கு ரன் வேண்டும். ஓடி வருகிறாள். கை சுழல்கிறது. படம் நின்றுவிட்டது. திரையின் நடுவில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாரம்மாவின் கரண்டி அந்தரத்தில். "அண்ணா, பாவம்ண்ணா, எதயாச்சும் சொல்லிடுங்கண்ணா" என்று காதோரம் கெஞ்சினார் லைன் இன்ஸ்பெக்டர் பிரியதர்ஷினி. இருபது ஆண்டுக்கு முந்தைய அதே முகங்கள், அதே மைக். "ஜெயிச்சாச்சு" என்று ஒரு சொல் சொன்னால் அந்தத் தாய் மலர்ந்துபோவாள் என்று அவருக்குத் தெரியும். மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டார்.

"தெரியல மாரம்மா. சுத்துது. வந்ததும் சொல்றேன்."

முக்கால் நிமிடம். பிறகு படம் வந்தது. அண்ணனின் குரல் உடையவில்லை; கண்தான் கலங்கியது. "அடிச்சுட்டாங்கம்மா. நாலு. தோத்துட்டோம். ஆனா பந்து நல்ல பந்து. மட்ட ஓரத்துல பட்டு, கீப்பரத் தாண்டிப் போயிடுச்சி."

மாரம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "நல்ல பந்துன்னு நெசமாலுமே சொல்றீங்களா, எம் மனசுக்காவ சொல்றீங்களாண்ணா?"

"ஸ்கோர்ல பொய் சொன்னது ஒரே ஒருக்கா. அதுக்கு அழகர்சாமி மீச சாட்சி."

அழுதுகொண்டிருந்த முகத்தில் சிரிப்பு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சரி, எம் புள்ள நல்லாத்தான் போட்டிருக்கா" என்று சொல்லி, அடுத்த தட்டுக்குச் சோறு போட்டார். தோற்ற சேதியைக் கேட்டு ஒரு தாய் தலை நிமிர்ந்ததை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். அண்ணா, உங்களை எங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. வர்ணனை முறையை மீறி இப்போது சொல்கிறோம்: ரொம்பப் பிடிக்கும்.

உங்களுக்குப் பின் யார் என்று, காவேரியின் பயிற்சி ஆட்டம் ஒன்றுக்கு மைக்கில் பிரியதர்ஷினியை உட்கார வைத்துப் பார்த்தோம். அருமையாகப் பேசினார். மாரம்மாவின் தீர்ப்போ வேறு: "அந்தப் பொண்ணு நல்லா பேசுது. தோக்குறப்ப மட்டும் எனக்காவ உள்ளத மெல்ல முழுங்குது."

ஆகவே நீடு வாழ்க, நோயின்றி வாழ்க, குருபரப்பள்ளி மாமரத் தோப்புக் காற்றில் மனம் குளிர வாழ்க என்று வாழ்த்துகிறோம். ஆனால் முழுதாக விட்டுவிட மாட்டோம். கேள்விக்குப் பதில் சொல்ல ராஜலட்சுமி மேடத்துக்கு ஒரு மாதம் ஆயிற்று. சட்டமிட்ட இம்மடலைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் ஒரு கேட் பாஸ் செருகியிருக்கிறோம். காவேரியின் புதிய சீசன் அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அன்று முதல் அவள் ஆடும் நாளெல்லாம் அது செல்லும். மேடமே தம் கையால் நிரப்பியது:

பார்வையாளர்: தீர்த்தகிரி.
யாரைப் பார்க்க: மாரம்மா, கேன்டீன்.
வந்த காரணம்: உள்ளதைச் சொல்ல.

அன்பு மாறாத,
பிரஸ் ஷாப், வெல்டிங், கேன்டீன் பணியாளர்கள், ஓசூர்.
எழுதியவன்: முழு மீசையுடன், அழகர்சாமி.