‘ந’வில் தொடங்கிய படகுப் பாட்டு

எனக்குப் பாட வராது, மேடம். கேட்பதோடு சரி. எங்கள் வீட்டில் சங்கீதம் மொத்தமும் தம்பியின் பங்குக்குப் போய்விட்டது. என் பங்குக்கு வந்தது மற்றவர்களின் கால்கள். பிசியோதெரபி மையத்தில் வேலை செய்கிறேன். விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைப்பதுதான் தொழில். என் கைபட்டு நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

தம்பி ஒரு இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தான். பைக்கில் சறுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்தது. அந்த விபத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்போது அவன் பெட்டி கட்டி வைத்திருந்தான். சுற்றுலாக் கப்பலில் வாசிக்கக் குழுவோடு ஒப்பந்தம். எப்போதடா திரும்பி வருவாய் என்று கேட்டால், “பாப்போம்க்கா” என்றான். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அந்த வீட்டில் ராத்திரியும் பகலும் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எழுந்து எல்லா விளக்கையும் போட்டுவிடுவேன். பயம்தான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அறுவை சிகிச்சை முடிந்து அவனை மாடி அறையில் படுக்கவைத்தேன். டிரம்ஸ் வாசிக்கும் பையன் அடிக்கடி வந்தான். சத்தமாகப் பேசுகிற பிள்ளை. “அவன் யாரையும் பாக்க விரும்பலப்பா, சங்கடப்படுத்தாதே” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். மேலே போய், “ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கல பாரு” என்றேன். விபத்தில் அவன் போன் நொறுங்கிப்போயிருந்தது. சிம் போடாத ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். அதில் எது திறக்கலாம், எது திறக்கக்கூடாது என்பதை நானே அமைத்தேன். சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கும் டேப்லெட்டில் பெற்றோர் செய்வதுதான்.

கொஞ்ச நாளில் அவன் முகம் செத்துப்போயிற்று. சாப்பாட்டை அளைந்துகொண்டே இருப்பான். பெற்ற மனம்தான் துடிக்கும் என்பதில்லை, மேடம், வளர்த்த மனமும் துடிக்கும். அதனால் அவனை ஒரு விளையாட்டுக் குழுவில் சேர்த்துவிட்டேன். எழுத்து வரிசைப் பாட்டு. ‘அ’வில் ஆரம்பிப்பார்கள். முறை வருகிறவர் அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு பாட்டைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் அது எந்த ராகம், ஆரம்பத்தில் எந்த வாத்தியம் என்று சொல்லி மதிப்பெண் வாங்கவேண்டும். பாட்டு கிடைக்காமல் முழிக்கிறவர் திரும்ப ‘அ’வுக்குப் போகவேண்டும். எல்லாம் எழுத்தில்தான், குரல் கிடையாது.

குழுவில் அவனைத் தவிர மூன்று பேர். டீச்சர் எல்லாரையும் திருத்துவார், தோற்றால் முறைத்துக்கொள்வார். ஓய்வுபெற்ற மேனேஜர் “வாழ்த்துகள், தகுதியான வெற்றி” என்று ஆபீஸ் கடிதம் போல எழுதுவார். லாரிக்காரர் எழுத்துக்கு எழுத்து பிழைவிட்டுச் சிரிப்பு மூட்டுவார். தம்பிக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். மாடியிலிருந்து அவன் சிரிப்பதை நான் சமையலறையில் கேட்பேன். கையில் மூன்று பழைய போன்களை வைத்துக்கொண்டு சமைப்பது லேசில்லை. பிழைகளை யோசித்து யோசித்துப் போடவேண்டும்.

காலைப் பற்றிக் கேட்டீர்கள். எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. தம்பியைத் தள்ளுநாற்காலியில் வெளியே விட்டுவிட்டு டாக்டரிடம் நான் தனியாகப் பேசினேன். இனி ஊன்றி நடக்கலாம் என்றார். “இன்னும் கூடலையாம்டா” என்று அவனிடம் சொன்னேன். வேலை கொடுக்காத தசை கரைந்துவிடும். அது என்னைவிட யாருக்குத் தெரியும்? பயிற்சி கொடுக்காமல் விட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. தினமும் கொடுத்தேன். கைக்கும் கழுத்துக்கும்.

ஒருநாள் அவன் மேனேஜருக்குத் தனியாக எழுதினான். “சார், அக்கா என்னைப் பூட்டி வெச்சிருக்காங்க. யாரையாவது அனுப்புங்க சார்.” நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, மேனேஜர் எப்படிப் பதில் சொல்வார் என்று யோசித்து, “கூடப் பிறந்தவரைப் பற்றி இப்படிப் பேசலாகாது, பொறுமை தேவை” என்று எழுதினேன். டீச்சரிடம் கேட்டான். அவர் திட்டினார். லாரிக்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை. “அடுத்த லோடு அந்தப் பக்கம்தான் தம்பி, வந்து அள்ளிட்டுப் போயிடறேன்” என்றார். அந்த லோடுக்காகத் தம்பி சட்டையெல்லாம் மடித்து வைத்துக் காத்திருந்தான். காத்திருக்கிறவன் ஜன்னல் வழியாகக் கத்தமாட்டான். அக்கம்பக்கத்தில் மானம் போகாது.

போன ஞாயிறு மத்தியானம் ‘ந’ வந்தது. லாரிக்காரரின் முறை. எனக்கு அசதி. படகுக்காரன் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டேன். தம்பி, “அண்ணே, அது ‘ஓ’வுல இல்ல ஆரம்பிக்கும்?” என்று கேட்டான். லாரிக்காரரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. டீச்சர் வந்து, ‘ந’தான் சரி என்றார். மேனேஜர் ஆமோதித்தார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அப்பா இருந்த காலத்தில் அந்தப் பாட்டை ரேடியோவிலிருந்து டேப்பில் பிடித்தபோது பொத்தானைத் தாமதமாக அமுக்கிவிட்டார். முதல் வரி பதிவாகவில்லை, எங்கள் டேப்பில் பாட்டு ‘ந’விலிருந்துதான் கேட்கும். உலகம் முழுக்க அது ‘ஓ’வில் தொடங்கும் பாட்டு. ‘ந’வில் தொடங்கும் என்று நினைத்து வளர்ந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்.

அவன் ஒரே ஒரு வரி எழுதினான். “அக்கா, கீழயா இருக்க?”

பிறகு மாடியில் அவன் தவழும் சத்தம் கேட்டது. எதிர் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டு, ஜன்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தினான். அப்படி ஒரு குரல் அவனிடம் உண்டென்று எனக்குத் தெரியாது. நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். அவன் வலது கை சட்டத்தில் இருந்தது. கையை எடுத்துவிடுவான் என்று நினைத்தேன் என முதலில் உங்கள் காவலரிடம் சொன்னேன். அது சரியில்லை. விரல்கள் இடுக்கில் இருப்பதைப் பார்த்துத்தான் சாத்தினேன். கால் இல்லாவிட்டாலும் கீபோர்டு வாசிக்கலாம். விரல்கள் நன்றாக இருக்கும்வரை யாராவது வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் மறுபடியும் ஒருமுறை திறந்து சாத்தினேன்.

எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு என்னை விடமாட்டீர்கள், அதுவும் நியாயம்தான். அந்தப் போன்களில் ஒன்றை மட்டும் கொஞ்சநேரம் கொடுங்கள். லாரிக்காரர் போன் போதும். பிள்ளை அங்கே தனியாகக் கிடக்கிறான், பேச்சுத் துணைக்கு ஆளில்லை. என்னை அவன் மன்னிக்கவேண்டாம், மேடம். அவர்கள் மூன்று பேரும் அவனுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?