இருபத்தொன்றாவது வரி

உங்கள் டைப்ரைட்டரில் ரிப்பனைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர். அதனால்தான் எழுத்தெல்லாம் சிவப்பாக விழுகிறது. டைப் அடிக்கும் கோப்ரல் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு உருளையையும் கழற்றித் திருப்பிப் போட்டால் கறுப்பு வந்துவிடும். இதற்கெல்லாம் ஆள் கூப்பிட்டுக் காசு செலவழிக்க வேண்டாம். ஆங், வந்துவிட்டது பாருங்கள். இப்போது ஆரம்பிக்கலாம்.

என் பெயர் வைரவநாதன். வயது ஐம்பத்து மூன்று. இந்தப் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் என் கையில். என்னை யாரும் கூட்டிவரவில்லை, நானாகத்தான் பஸ் ஏறி வந்தேன். போன மாதம் ராசா ஊரில் மங்கையற்கரசி டீச்சர் மின்சாரம் தாக்கி இறந்தது உங்களுக்குத் தெரியும். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தப் பழி இப்போது ஒன்றும் அறியாத நஜ்முதீன் தலையில் விழுந்திருக்கிறது. அதை இறக்கிவைக்கத்தான் வந்தேன்.

நஜ்முதீனுக்குக் குவாலா சிலாங்கூரில் எழுதுபொருள் கடை. மாலை ஆறு மணிக்குக் கடையைச் சாத்தியதும், கடைத் தொலைபேசியின் ஒயரை மோடம் என்ற பெட்டி வழியாக ஒரு கம்ப்யூட்டரில் செருகிவிடுவார். எங்களிடமும் அதே மாதிரிப் பெட்டி உண்டு. அந்த நம்பரை அடித்தால் அந்தப் பக்கம் மனிதர் எடுக்க மாட்டார், கம்ப்யூட்டர் எடுக்கும். அதில் கடிதம் எழுதிவைக்கலாம், மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும், மற்றவர்களுக்கு எங்கேஜ்ட். நாங்கள் அதைப் பலகை என்போம். ஆங்கில எழுத்தில் தமிழையும் மலாயையும் கலந்து எழுதுவோம். எழுபத்தொன்பதில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். பத்து வருடத்தில் வந்துவிட்டது.

மொத்தம் பதினேழு பேர். பாதிப் பேரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் யாருடைய பிரிண்டர் என்ன சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். டிஸ்க் படிக்கவில்லை, எழுத்து கோணலாக விழுகிறது, காகிதம் சிக்கிவிட்டது என்று யாராவது எழுதுவார்கள். முதல் பதில் என்னுடையதாக இருக்கும். மானேஜரிடம் அனுமதி வாங்கி, ஆறு மணிக்குமேல் தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்வேன். என் மனைவி வாகீஸ்வரி ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள்.

"இஞ்சேருங்கோ, உந்தப் பெட்டியோட கதைச்சது காணும், எழும்புங்கோ. சோறு ஆறுது."

ஆறட்டும் என்பேன். செகிஞ்சானில் ஒரு நெல் ஆலைக் கணக்கர், பெயர் டான், எனக்காகக் காத்திருப்பார். யாரோ நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது, இன்ஸ்பெக்டர், அது ஒரு சுகம். முப்பது வருடம் தோட்டத்தில் எல்லாரும் என்னிடம் வந்தது சம்பளத்துக்காகவும் லீவுக்காகவும்தான். எனக்காக வந்ததில்லை.

பலகையில் ஒரு கோளாறு உண்டு. கடிதத்தை முன்பே டிஸ்க்கில் எழுதிவைத்து மொத்தமாக அனுப்பினால், இருபது வரிதான் ஏறும். அதற்குமேல் உள்ளதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அனுப்பியவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் ஒருவர் அனுப்பிய பதிலில் பாதி இப்படிக் காணாமல் போய், மீதியை மட்டும் நம்பி டான் ஒரு மாதக் கணக்கை அழித்துவிட்டார். பாவம், பெரிய மனிதர், அழாத குறை. அப்போது நான்தான் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். எல்லாரும் கடைசி வரியில் தங்கள் பெயரைப் போட வேண்டும். பெயர் இருந்தால் கடிதம் முழுசு. பெயர் இல்லாவிட்டால் மிச்சம் இருக்கிறது, அவசரப்பட்டு எதையும் தொடாதே என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒருவருக்கும் நட்டமில்லை. நஜ்முதீன் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார், "வைரவநாதன் அண்ணன் மூளையே மூளைலா" என்று.

டீச்சர் இந்த வருடம் பிப்ரவரியில் பலகையில் சேர்ந்தார். ராசாவில் கணக்கு ஆசிரியை. கணவர் மகாதேவா ரயில்வேயில் வேலை. நல்ல குடும்பம். வீட்டில் சின்ன கம்ப்யூட்டர் ஒன்று வைத்து, பழைய டிவி ஒன்றையே திரையாக மாட்டியிருந்தார்கள்.

அவர் சேர்ந்த இரண்டாவது வாரம். டானின் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டால் தேதி 1980க்குப் போய்விடும். தினமும் காலையில் தேதியைத் தட்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவரும் எட்டு மாதமாகத் தட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் எழுதினார்: "ஐயா சொன்னது சரிதான். ஒரு சிறு திருத்தம். உள்ளே ஒரு பேட்டரி இருக்கும், அதை மாற்றினால் தினமும் தட்ட வேண்டாம்."

டான் மாற்றினார். சரியாகிவிட்டது. பலகையில் நன்றி நன்றி என்று எட்டு வரி எழுதியிருந்தார்.

ஆகஸ்ட் முடிவதற்குள் அப்படிப் பதினொரு திருத்தம். ஒவ்வொன்றும் "ஐயா சொன்னது சரிதான்" என்றுதான் தொடங்கும். ஒருமுறையாவது "ஐயா சொன்னது தப்பு" என்று எழுதியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டு ஆறியிருப்பேன். மரியாதையாகப் பேசுபவரோடு என்ன சண்டை போடுவது? நானும் மரியாதையாக "டீச்சர் சொல்வதே பொருத்தம்" என்று எழுதினேன். எனக்கு வயிறெரிந்தது. அதை உங்களிடம் ஒளிக்கவில்லை.

பிறகு டான் ஒரு கேள்விக்குத் தலைப்பில் "டீச்சருக்கு" என்று போட்டார். கேள்வி ஒன்றும் பிரமாதமில்லை, பிரிண்டர் ரிப்பன் விஷயம். அது எனக்குத் தெரியும். நான் பதில் எழுதவில்லை. டீச்சர் எழுதினார். அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் அப்படியே தலைப்புப் போட்டார்கள். ஆறு மணிக்கு நம்பரை அடிப்பேன், உள்ளே போவேன், எனக்கு ஒன்றும் இருக்காது. ஆறேகாலுக்கு வீட்டுக்குப் போய்ச் சூடான சோறு சாப்பிட்டேன். வாகீஸ்வரிக்குச் சந்தோஷம்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, முதன்முதலாக டீச்சர் ஒரு உதவி கேட்டார். தலைப்பில் என் பெயர். டிவியில் படம் இரண்டு பக்கமும் சுருங்கி எழுத்தெல்லாம் நெருக்கியடித்துத் தெரிகிறதாம். திங்கட்கிழமை தேர்வுத்தாள் அச்சாக வேண்டுமாம், கடையில் கொடுத்தால் ஒரு வாரம் ஆகுமாம். "மின்சாரம் என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஐயாதான் ரேடியோ டிவி ரிப்பேர் படித்தவர்" என்று எழுதியிருந்தார். உண்மைதான், வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தபால் வழியாகப் படித்தேன், சான்றிதழ் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. படித்தபோது மனசு குளிர்ந்தது. பேனாவை எடுத்து அப்போதே குறிப்பெழுத ஆரம்பித்துவிட்டேன், நம்புங்கள்.

கடைசி வரியை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். "இதிலாவது ஐயா பதிலில் நான் திருத்தம் போட முடியாது!"

விளையாட்டாகத்தான் எழுதினார். அது எனக்கும் தெரியும். கீழே டான் ஒரு வரி சேர்த்திருந்தார், சிரிப்புச் சத்தத்தை எழுத்தில் போட்டு. பதினேழு பேரும் படித்திருப்பார்கள்.

நான் நிதானமாக எழுதினேன். பின்மூடியைக் கழற்றுவதிலிருந்து, டிவியை ஓடவிட்டு உள்ளே எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுவரை, வரிசையாக. ஒரு வரிகூடத் தப்பில்லை. எந்தக் கடைக்காரரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், இதே மாதிரிதான் செய்வேன் என்பார். இருபத்தொன்றாவது வரியில் தொடங்கி இப்படி எழுதினேன்: "மேலே சொன்னது கடைக்காரர் செய்யும் முறை. நீங்கள் செய்ய வேண்டாம். இந்த மாதிரி டிவியில் உள்ளே இருக்கும் தகட்டிலேயே நேர் மின்சாரம் ஓடும். கை பட்டால் ஆள் பிழைக்காது."

ஏழு மணிக்கு டிஸ்க்கிலிருந்து மொத்தமாக அனுப்பினேன்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு அரைநாள் வேலை. காலையில் செக்ரோலில் ஆட்களின் வருகையைச் சரிபார்த்தேன். டீச்சர் வீட்டுத் தொலைபேசி நம்பர் என் டைரியில் இருந்தது, தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது. பத்தரைக்கு அதை எடுத்தேன். செகிஞ்சானுக்கு அடித்து டானிடம் பேசினேன். பாவம், அவருக்குப் பிரிண்டரில் மறுபடி தகராறு. கால் மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துச் சரிசெய்தேன். மிகவும் நன்றி சொன்னார். பன்னிரண்டரைக்கு ஆபீஸைப் பூட்டினேன்.

டீச்சர் பிற்பகல் மூன்று மணி வாக்கில் இறந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கத்துக்குப் போனேன். மகாதேவா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அண்ணை, நீங்கள் எழுதினதைக் காகிதத்தில அடிச்சுப் பக்கத்தில வச்சுக்கொண்டுதான் செய்தவ. அவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு சொன்னவ. அதில ஆபத்து எண்டு ஒண்டும் இல்லையே, அண்ணை?"

நான் எழுதியிருந்தேனே என்றேன். திங்கட்கிழமை என் டிஸ்க்கில் இருந்த முழுக் கடிதத்தையும் அச்செடுத்து அவருக்கும் நஜ்முதீனுக்கும் அனுப்பினேன். இருபத்தொன்றாவது வரி தெளிவாக இருந்தது. பலகைதான் விழுங்கிவிட்டது என்று எல்லாருக்கும் புரிந்தது. எனக்கு ஆறுதல் சொல்லிப் பதினொரு பேர் எழுதினார்கள். டான் நேரில் வந்து ஒரு பெட்டி மாம்பழம் வைத்துவிட்டுப் போனார்.

நஜ்முதீன்தான் உடைந்துபோனார். புதன்கிழமை கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியிருந்தார். மோடத்தைக் கழற்றி மேசையடியில் வைத்திருந்தார். முகம் கறுத்துக் கிடந்தது.

"எம்பலகதாண்ணே அந்தம்மாவ கொன்னுருச்சு. இருபது வரின்னு தெரிஞ்சும் சரி பண்ணாம வுட்டுட்டேன். இனிமே இத தெறக்க மாட்டேன்லா. அல்லா மேல ஆணை."

"அப்படிச் சொல்லக் கூடாது, தம்பி" என்றேன். "எத்தனை பேருக்கு உதவியாக இருந்தது."

அவர் கேட்கவில்லை. அன்றோடு பலகை போய்விட்டது. மாலை ஆறு மணிக்கு நம்பரை அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. மூன்று வாரமாக அடித்துப் பார்க்கிறேன். நஜ்முதீன் சரியாகச் சாப்பிடுவதில்லை, கடைக்குக்கூட வருவதில்லை என்கிறார்கள். டானுக்கு டிஸ்க் தகராறு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார். இது அநியாயம். ஒருவர் செய்ததற்குப் பதினைந்து பேர் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

ஆகவே இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் அனுப்பிய அந்த அச்சுக் காகிதம் மகாதேவாவிடம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். எல்லாரும் இருபத்தொன்றாவது வரியைத்தான் படித்தார்கள். இருபதாவது வரியை ஒருவரும் பார்க்கவில்லை. அதைக் கவனித்திருக்கக் கூடிய ஆள் டீச்சர் ஒருவர்தான். இருபதாவது வரியில் என் பெயர் இருக்கிறது. வைரவநாதன், முழுப் பெயர். எச்சரிக்கை அதற்குக் கீழே.

நான் பெயரை எங்கே போட வேண்டும் என்று எண்ணிப் பார்த்துத்தான் போட்டேன், இன்ஸ்பெக்டர். கடிதம் பத்தொன்பது வரியில் நிற்கும்படி இரண்டு முறை சுருக்கி எழுதினேன். பெயரைப் பார்த்தால் டீச்சர் கடிதம் முழுசு என்று நம்புவார், மிச்சம் இருக்கிறதா என்று காத்திருக்க மாட்டார். கேட்டும் எழுத மாட்டார். கணக்கு ஆசிரியை, விதி என்றால் விதிப்படி நடப்பவர். பலகை கொல்லவில்லை. நான்தான் கொன்றேன். கீழே கையெழுத்துப் போடுகிறேன், காகிதத்தை இப்படித் திருப்புங்கள்.

இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை நஜ்முதீனுக்குக் காட்ட வேண்டும். அவர்மேல் தப்பில்லை என்று தெரிந்தால் மனசு மாறும், பலகையைத் திறந்துவிடுவார். திறக்கத்தான் வேண்டும். ஜனங்களுக்கு உதவி தேவை, அதற்குத்தான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன், வேறு காரணமில்லை.

என்னை எங்கே வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் எனக்கு ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்கள். பலகை திறந்த பிறகு, டானுடைய கேள்விகளுக்கு முதல் பதில் யார் எழுதுகிறார்கள் என்று விசாரித்து, அவர் பெயரையும் ஊரையும் எனக்குச் சொல்லிவிடுங்கள்.