திருந்திய பூனை

அடையாறு போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே நொச்சிக்குப்பத்து மீன்கார அம்மா ஒருவர். மடியில் மீன்கூடை. கூடைக்குள் ஈரத்துண்டு போர்த்திய பூனை.

"மூணு நாளா இது என் கடையில திருடவே இல்லக்கா," என்றார் பக்கத்துப் பெண்ணிடம்.

"நல்லதுதானே?"

"எங்க வூட்டுக்காரரும் திருந்திடுச்சுன்றாரு. திருந்துன பூனை எங்கனா கீதா? வஞ்சிரம் வெச்சேன், மூஞ்சத் திருப்பிக்கிச்சு. மூலையில சுருண்டுக்கினு கீது. ஆனா தடவுனா குர்ருன்னு கொஞ்சுது. தங்கச்சி வூட்ல ரெண்டு நாள் வுட்டா தேறிடும்னு எடுத்துக்கினு போறேன்."

"வலிச்சாலும் குர்ருன்னுதான் சத்தம் போடும்மா. ஒண்ணுக்குப் போகுதா?"

"காலையிலேர்ந்து மண்ணுல போய்ப் போய்க் குந்துது. ஒரு சொட்டு வரல."

"ஆம்பளப் பூனையா?"

"ஆமாக்கா."

"ஐயோ, எங்க வீட்டுப் பூனைக்கும் இப்படித்தான் அடைச்சுக்கிச்சு. ஒரு நாள் தள்ளினாலும் உயிருக்கு ஆபத்துன்னார் டாக்டர். தங்கச்சி வீடெல்லாம் வேணாம், இப்பவே காட்டு."

"அண்ணே, மாட்டாஸ்பத்திரியாண்ட நிறுத்து!" என்று டிரைவரிடம் கத்தினார் மீன்கார அம்மா.

இறங்கும்போது துண்டை லேசாக விலக்கிக் குனிந்தார்.

"நல்லாகி வந்து திருடு நைனா. இனிமே கூடைய மூடவே மாட்டேன்."