ரெண்டர் ஓடிக்கிட்டிருக்கு

அந்த நாற்காலி வேணாம் தம்பி, அது ஒரு பக்கமா சாயும். இதுல உக்காருங்க. ஆமா, விளம்பரத்துல போட்டிருந்தது இதே மெஷின்தான். முப்பத்திரண்டு கோர். நீங்க போன்ல கேட்ட அதே பிராசஸர், மாத்தி கீத்தி எல்லாம் வைக்கல. கொஞ்சம் மெதுவா மட்டும் பேசுங்க. எங்க வீட்டுக்காரர் உள்ள படுத்திருக்கார். இல்லல்ல, தூங்கல. சும்மாதான் படுத்திருக்கார்.

சத்தமா? ஃபேன் சத்தம். ஸ்க்ரீன்ல எதுவும் ஓடலையே, எதுக்கு இந்த இரைச்சல்னு பாக்குறீங்க, அதானே? நான்தான் ஃபேன ஃபுல்லா வச்சிருக்கேன். மெஷின்ல கோளாறு எதுவும் இல்ல, பயப்படாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. உங்களுக்கு எதுக்குங்க இது? சரி, ஆபீஸ் கணக்கு. அப்புறம்? கேமா. அட போங்க தம்பி! அதுக்கு இவ்வளவு பெரிய பிராசஸரா? இதுல நாலஞ்சு கோர் முழிச்சிருந்தாலே உங்க வேலை முடிஞ்சிடும். மத்ததெல்லாம் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி. ஒரு வேலை செய்யாது, எழுந்தும் போகாது. கரண்ட் பில் வரும்போதுதான் உங்களுக்கே தெரியும்.

விக்கிறவளே வேணாங்கிறாளேன்னு முழிக்கிறீங்க. எனக்கு வித்தாகணும்தான். ஆனா நாளைக்கு நீங்க எங்களத் திட்டிக்கிட்டே இத ஆன் பண்ணக் கூடாது பாருங்க.

ஓ. அத முதல்ல சொல்லியிருக்கலாம்ல? புதுசா தொழில் ஆரம்பிக்கப் போறீங்களா? பில்டிங் படமா? அப்ப நீங்க எங்க ஜாதி, தொழில் ஜாதியச் சொல்றேன். இருபது வருஷத்துக்கு மேல நாங்க அதான் செஞ்சோம். கட்டாத வீட்டக் கட்டின மாதிரி காட்டுறது. பில்டர் பிளான் குடுப்பார், இவர் அத மெஷினுக்குள்ள எழுப்புவார். வாசல்ல நுழைஞ்சு, ஹாலு, படிக்கட்டு, மொட்டைமாடின்னு நடந்து போற மாதிரி ஒரு படம். சோபா எங்க போடுறது, திரைக்கு என்ன கலர், அதெல்லாம் என் பொறுப்பு. பில்டர்கிட்ட திட்டு வாங்குறதும் என் பொறுப்புதான்.

உங்களுக்குத் தெரியாததில்ல. மாடல் பண்ணும்போது ஒரு கோர்தான் மாங்கு மாங்குன்னு ஓடும். எல்லாம் முடிச்சு ரெண்டர் போடுறோம் பாருங்க, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் எங்க விழுது, நிழல் எங்க விழுதுன்னு கணக்குப் போட்டு வரையும்ல, அப்பதான் முப்பத்திரண்டும் சட்டைய மடிச்சு விட்டுக்கிட்டு இறங்கும். கிராஃபிக்ஸ் கார்டுலயே போட்டுக்கலாமேங்கிறீங்களா? போடலாம். இவர் மரம் செடி வைக்கிற வைப்புக்கு கார்டு மெமரி பத்தாது. பாதியில கைய விரிச்சிடும்.

பழைய மெஷின் இருந்துச்சே, அது ஆமை. ரெண்டர் போட்டுட்டா மவுஸக்கூடத் தொட முடியாது, முனகும். அதனால எழுந்து வந்துடுவார். ரெண்டர் ஓடிக்கிட்டிருக்கு, வான்னு கூப்பிடுவார். காபி போட்டுக் குடிப்போம். ரோடு முனை வரைக்கும் நடப்போம். நல்லா சண்டையும் போடுவோம். எங்க குடும்பம் மொத்தமும் ரெண்டர் ஓடுற நேரத்துல நடந்ததுதான்னு வச்சுக்கங்களேன். என் நாத்தனார்கூடக் கேலி பண்ணுவா, உங்களுக்குன்னு ஒரு புள்ள இருந்திருந்தா அதையும் இவன் ரெண்டர் போட்டுட்டுத்தான் தூக்கியிருப்பான்னு.

அப்புறம் எதுக்கு இத வாங்கினோம்னா, ஒரு நாற்காலியாலதான்.

சிரிக்காதீங்க. ஒரு பில்டர் போன் பண்ணி, என்னம்மா, உங்க படத்துல நாற்காலி அந்தரத்துல நிக்குதுன்னார். போய்ப் பாத்தா ஆமா, படத்தோட ஓரத்துல ஒரு நாற்காலி, தரையத் தொடாம ஒரு ஜாண் மேல நிக்குது. இவருக்கு ஒரே வெக்கம். அடுத்த வேலையில விளக்கு பாதி சுவத்துக்குள்ள புதைஞ்சிருந்துச்சு. அதுக்கடுத்து கதவுக்குப் பிடியே இல்ல. எல்லாமே படத்தோட ஓரம். முன்னாடி எல்லாம் கதவ அவ்வளவு சரியா வச்ச மனுஷன் தம்பி, திறந்தா சுவத்துல இடிக்குமான்னு பாக்குற ஆளு. மெஷின் ஸ்லோ, ரெண்டருக்கு முன்னாடி பாக்குற பிரிவ்யூ புள்ளி புள்ளியா தெரியுது, அதான் தப்பு கண்ல படல, பெரிய பிராசஸர் போட்டா முழுசா தெளிவா பாத்துட்டு அனுப்பலாம்னார். எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. ரெண்டு பேரும் கடைக்குப் போய் இருக்குறதுலயே பெருசா எடுத்துட்டு வந்தோம். வழியெல்லாம் அட்டைப்பெட்டிய மடியில வச்சுக்கிட்டு, பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வர்ற மாதிரி வந்தார்.

வேகமா? நம்ப மாட்டீங்க. காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். எனக்கு அழுகையே வந்துடுச்சு, இனிமே எப்ப எழுந்து வருவார்னு. ஆனா பாருங்க, அதுவும் கொஞ்ச நாள்தான். முன்னாடி மரம்னா பச்சையா ஒரு மொத்தை வைப்பார். இப்ப ஒவ்வொரு இலையா வைக்க ஆரம்பிச்சார். இலைக்கு நரம்பு. இலை மேல தூசி. மெஷின் எவ்வளவு வேகமோ அவ்வளவு இலை. பில்டருங்க மட்டும் என்ன, சீக்கிரம் முடியுதுல்ல, அப்ப இன்னொரு தடவை மாத்திக் குடுங்கன்னாங்க. கடைசியில பழைய மெஷின்ல எவ்வளவு நேரம் ஆச்சோ அதே நேரம்தான் இதுலயும் ஆச்சு. பெரிய பிராசஸர் வாங்கினா நேரம் மிச்சமாகுமான்னு போன்ல கேட்டீங்கல்ல? ஆகாது தம்பி. யாருக்கும் ஆனதில்ல. நீங்களும் இலை வைப்பீங்க.

நாற்காலியா? அது அந்தரத்துலதான் நின்னுச்சு. பிரிவ்யூ கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு, அப்பவும் அந்தரத்துல நிக்குது. பில்டருங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க.

அப்புறம் ஒரு நாள் காபி குடுத்தேன், டம்ளர் அவர் கைக்குப் பக்கத்துல இருக்கு, எங்க வச்சேங்கிறார். அன்னிக்குத்தான் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணுக்குப் பின்னால ஒரு நரம்பு இருக்காம், அது காஞ்சுக்கிட்டே வருமாம். வலி கிலி எதுவும் இருக்காது. ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சு வரும், நடுவுல மட்டும் நல்லாத் தெரியும், அதனால ஆளுக்கே தெரியாதுன்னார். முன்னாடியே வந்திருந்தா நிறுத்தி வச்சிருக்கலாம், போனது திரும்பாது, மிச்சமே ரொம்பக் கொஞ்சம்னார். ஸ்க்ரீன் பாத்ததால இல்லயாம். அதக் கேட்டு ஒரு திருப்தியான்னா அதுவும் இல்ல. பிரிவ்யூ நல்லாத்தான் இருந்திருக்கு தம்பி. கண் டாக்டர்கிட்ட போக வேண்டியவங்க கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருக்கோம்.

தண்ணி குடிக்கிறீங்களா? இருக்கட்டும், குடிங்க.

மிச்சமிருந்த பார்வைய வச்சு என்ன செஞ்சார்னு நெனக்கிறீங்க? எங்களுக்கு ஒரு வீடு கட்டினார். இதுக்குள்ளதான். ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் கட்டியாச்சு, உனக்கு ஒண்ணு கட்டிடறேன்னார். மனை கிடையாது, கடைசி வரைக்கும் வாடகை வீடுதான், ஆனா கொல்லையில மரம் மட்டும் பிரமாதம். ஸ்க்ரீன்ல மூக்கு உரசுற மாதிரி உக்காந்து இலை வைப்பார். பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு மேல எனக்கு ஒரு ஜன்னல் வேணும்னு கல்யாணமான புதுசுல எப்பவோ சொல்லியிருக்கேன், அது இருக்கு. மாடிப்படி இருக்கு. வாசல்ல என் செருப்பு இருக்கு, ஒரு வார் பிஞ்சது அப்படியே. கலர் மட்டும் என்னக் கேட்டுக்குவார், இது பச்சைதானே, இது மஞ்சள்தானேன்னு. கடைசியில ரெண்டர் பட்டன அமுக்குறப்ப அவர் விரலப் புடிச்சு நான்தான் வச்சேன். அந்த நேரத்துல இந்த ரூம் ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம்கிறது மட்டும்தான் தெரிஞ்சுது அவருக்கு. இப்ப அதுவும் இல்ல.

முடிஞ்சுதாவா? முடிச்சுக் குடுத்துடுச்சு. நல்ல மெஷின், அதுல குறை சொல்ல மாட்டேன். நான் தனியா உக்காந்து பாத்தேன். மரம் காத்துல அசையுது. ஜன்னல் வழியா வெயில் வந்து தரையில விழுது. சமையக்கட்டு ஓரத்துல எனக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருக்கார். தரையத் தொடாம நிக்குது. எனக்கு அத இறக்கி வைக்கத் தெரியாது தம்பி, கலர் சொல்லத்தான் தெரியும். அப்படியே விட்டுட்டேன். அத ஒரு சின்ன டிஸ்க்ல எடுத்து வச்சுக்கிட்டேன், நீங்க எல்லாத்தையும் அழிச்சுக்கலாம்.

சரி, ஸ்க்ரூடிரைவர் கொண்டாந்தீங்கல்ல? பிராசஸர், போர்டு, மெமரி, உள்ள இருக்கிற டிஸ்க் எல்லாம் எடுத்துக்கங்க. பெட்டியும் பவர் சப்ளையும் ஃபேனும் தர மாட்டேன், விளம்பரத்துலயே போட்டிருந்தேனே. கழட்டி முடிச்சதும் அந்த ஃபேனெல்லாம் நேரா பவர் சப்ளையில ஓடுற மாதிரி குடுத்துட்டுப் போங்க. அது ஒண்ணுதான் நான் கேக்குறது. சும்மா காலிப் பெட்டியில ஃபேன் ஓடி என்ன பண்ணும்னா... உள்ள கேக்கணும் தம்பி. அவர்கிட்ட நான் முடிஞ்சுதுன்னு சொல்லல. சொன்னா, வா பாப்போம்பார். எத வச்சுப் பாக்குறது? இது முடியறதுக்குள்ள கண்ணு கொஞ்சம் தெளிஞ்சிடும்னு ஒரு கணக்குல படுத்திருக்கார். டேபிள் ஃபேன் வச்சுப் பாத்தேன், அது என்ன புதுச் சத்தம்னு கேட்டுட்டார். காது அவ்வளவு தெளிவு. சும்மாவா, இந்தச் சத்தத்தோடயே வாழ்ந்த ஆளு.

ஸ்விட்ச அணைக்கத்தான் வேணும், தெரியும். கொஞ்ச நேரம் நிக்கும். வயர் தட்டிடுச்சுன்னு ஏதாவது சொல்லிக்கிறேன். நீங்க சீக்கிரமா...

இருங்க, கூப்பிடுறார்.

என்னங்க? யாருமில்ல, கரண்ட்காரர் வந்திருக்கார், மீட்டர் பாக்க. ஆமாங்க, ஓடிக்கிட்டிருக்கு! இப்பத்தான் கொல்லைக்கு வந்திருக்கு, மரத்துக்கிட்ட. நான் என்னங்க பண்றது, அவ்வளவு இலைய யாரு வைக்கச் சொன்னா?

சிரிக்கிறார் பாருங்க. இப்ப அணைங்க தம்பி.