மாமனுக்கும் எனக்கும் ஒரே குறை

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் அவளுடைய பழைய சிநேகிதி.

“எங்க தாய்மாமனைக் கட்டியிருந்தா, இவன் இப்படிக் கொழுகொழுன்னு இருந்திருக்க மாட்டான்க்கா.”

“ஏன்டி, அவரு நல்லவருதானே?”

“தங்கமான மனுசன். ஆனா எங்க பெரியக்கா பையனுக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்துறாங்கல்ல, தலசீமியான்னு? அவளும் சொந்தத்துலதான் கட்டினா. அதான் நிச்சயம் பண்ணப்புறம் அடம்புடிச்சு எங்க ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்க வெச்சேன். ரெண்டு பேர் ரத்தத்துலயும் அதே குறை. நமக்கு ஒண்ணும் பண்ணாதாம். அப்பா, அம்மா ரெண்டு பக்கமிருந்தும் வந்தாத்தான் புள்ளைக்கு நோயாம்.”

“மாமன் கோவிச்சுக்கலையா?”

“அவரேதான் அந்தக் குறையில்லாத மாப்பிள்ளையாத் தேடிக் கட்டி வெச்சாரு! இன்னிக்கு இவன் ரிசல்ட் வந்துச்சு. ஒண்ணுமே இல்லை. மொதல்ல மாமனுக்குத்தான் போன் போட்டேன். போன்லயே விசிலடிச்சாருக்கா!”