வேண்டாம் என்று மட்டும் சொல்லத் தெரிந்த தலை

மாலை ஏழரை மணி. செப்டம்பர் கடைசி. நம் கவுண்டி ரோடு அந்த நேரத்தில் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை... இரண்டு பக்கமும் காய்ந்த மக்காச்சோளம். ஒரு விளக்குக் கிடையாது. டுவைட் தனியாக வண்டி ஓட்டி வருகிறான். காருக்குள் தைல வாடை. படுக்கையில் கிடப்பவர்களுக்கு முதுகில் தடவுவார்களே, அந்தத் தைலம். அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வருகிறான்.

நெருங்கி உட்காருங்கள். கெய்ல், எரிகிற பீப்பாயில் இன்னொரு கட்டை போடு. இன்றைக்குத்தானே முதல் சர்வோ மோட்டார் வாங்கியிருக்கிறாய்? அப்படியானால் இந்தக் கதை உனக்குத்தான். டுவைட் யாரென்றால், நம் ஹாலோவீன் பொம்மைக் கிளப்பில் போன வருஷம் வரை புகை மெஷினைப் பார்த்துக்கொண்டாளே பெக்கி, அவளுடைய பெரியப்பா மகன். பெக்கி கதை கட்ட மாட்டாள். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

வழியில் போன் அடித்தது. அரிசோனாவிலிருந்து தங்கை லோர்னா.

"விட்டுட்டு வந்துட்டியா? அப்பாகிட்ட கேட்டுட்டுத்தானே?"

டுவைட் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"கேட்டேன். சரின்னுட்டார்."

பச்சைப் பொய்.

அப்பா மெர்ல் மூன்று வருஷமாகப் படுக்கை. பக்கவாதம். பேச்சு போய்விட்டது. கழுத்து திரும்பாது. இடது கைக் கட்டைவிரலில் மட்டும் உயிர் இருந்தது. கண் தெரிந்தது, காது கேட்டது, கோபம் நிறைய மிச்சமிருந்தது. டுவைட்தான் எல்லாம். குளிப்பாட்டுவது, துடைப்பது, ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது... அவன் மனைவி ஒரு வருஷம் பொறுத்தாள், பிறகு போய்விட்டாள். லோர்னா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள், அழுவாள், வைத்துவிடுவாள். தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் பாசம் பொங்கும். நீங்களும் உங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கோடையில்தான் டுவைட்டுக்கு நம் பைத்தியம் பிடித்தது. அக்டோபர் கடைசி, ஹாலோவீன் ராத்திரிக்கு, வருகிறவர்களைப் பயமுறுத்த வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை உட்கார வைத்துத் தலையை ஆட வைக்க வேண்டும். தலையைத் திருப்ப ஒரு சர்வோ மோட்டார், மூன்று வயர், உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, ஒரு ஜாய்ஸ்டிக். எல்லோரும் ஆரம்பிப்பது அப்படித்தானே. ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினால் தலை இடது பக்கம் போக வேண்டும், வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம். பத்து வரி புரோகிராம். அந்தப் பத்து வரிக்கு அவன் ஒரு மாதம் மாரடித்தான். முதல் முறை கரண்ட் கொடுத்தபோது தலை சடக்கென்று நடுவுக்குத் துள்ளி, தாடை தெறித்துக் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. சிரிக்காதீர்கள், உங்களில் யாருக்கு அப்படி ஆகவில்லை.

எலும்புக்கூட்டின் கழுத்து வெறும் இரும்புக் குழாய். அதன் உச்சியில் மோட்டார், மோட்டாரின் மேல் மண்டை. பக்கவாட்டில் மட்டும் திரும்பும். மேலும் கீழும் ஆட்ட இன்னொரு மோட்டார் வேண்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

வேலையை அப்பாவின் கட்டில் பக்கத்தில் வைத்துத்தான் செய்தான். கிழவருக்கும் பொழுது போக வேண்டுமே. ஒரு நாள் விளையாட்டாக ஜாய்ஸ்டிக்கை அவருடைய கட்டைவிரலுக்கடியில் செருகி வைத்தான். பிறகு மசித்த பட்டாணியைக் கரண்டியில் எடுத்து நீட்டினான். ங்ஙீ... ங்ஙீ... மோட்டார் முனக, எலும்புக்கூட்டின் தலை இடமும் வலமும் ஆடியது. வேண்டாம்.

டுவைட் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மூணு வருஷமா பட்டாணி பிடிக்காமத்தான் தின்னியா கிழவா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

மெர்லுடைய தொண்டையில் ஏதோ கரகரத்தது. அதுவும் சிரிப்புத்தான் என்று டுவைட் சத்தியம் செய்வான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு திரும்பி வந்தது. போனில் லோர்னாவிடமும் அதைச் சொன்னான். பட்டாணி வேண்டாம். பாதிரியார் வேண்டாம். முடி வெட்ட வேண்டாம். பிடித்திருந்தால் விரலை அசைக்காமல் இருப்பார், மௌனம் சம்மதம். அப்பாவின் பழைய தொப்பியையும் மேல்சட்டையையும் அந்த எலும்புக்கூட்டுக்கு மாட்டிவிட்டான். நம் ஆட்கள் பொம்மைக்குத் துணியைக் காசு கொடுத்தா வாங்குவோம்?

செப்டம்பரில் டுவைட்டின் முதுகு விட்டுப்போயிற்று. குனிந்தால் நிமிர முடியவில்லை. முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாக இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் லோர்னா போனில் சொன்னாள்:

"அப்பாகிட்ட நேரா கேளு. அவர் வேண்டாம்னா நான் வந்து என் வீட்டுக்குக் கூட்டிட்டு போயிடறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

கேட்டான். அதுவரை உண்மை.

"நல்லா பாத்துக்குவாங்கப்பா. அங்க போறியா?"

ங்ஙீ... ங்ஙீ... ங்ஙீ... தலை ஆடியது, நிற்கவே இல்லை. மோட்டார் சூடாகிப் பிளாஸ்டிக் வாடை வந்தது. அப்படியும் அந்த விரல் விடவில்லை. டுவைட் எழுந்து ஜாய்ஸ்டிக்கின் வயரைப் பிடுங்கினான். தலை பாதியில் நின்றது. மெர்ல் அவனையே பார்த்துக்கொண்டு கிடந்தார், விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

உள்ளதைச் சொல்லியிருந்தால் லோர்னா வந்திருப்பாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருஷம் மலம் அள்ளியவன் இவன், கடைசி நேரத்தில் விமானத்தில் வந்து இறங்கி நல்ல மகள் என்று பேர் வாங்குவது அவளா? அந்த வயிற்றெரிச்சல். பின்னால் பெக்கியிடம் அவனே சொன்னது இது. நான் அவனைக் குற்றம் சொல்லவில்லை... இல்லை, சொல்கிறேன். சொல்லாமல் என்ன.

மெர்ல் அங்கே மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அந்த அறையில் ஜாய்ஸ்டிக் கிடையாது, ஆட்டுவதற்குத் தலையும் கிடையாது. அவர் என்ன சொல்லப் பார்த்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. லோர்னாவுக்கு அப்போது ஏதோ ஆபரேஷன். அடக்கத்துக்கு வர டாக்டர் விடவில்லை.

அடக்கம் முடிந்து டுவைட் அந்தப் பொம்மையை வராந்தா நாற்காலியில் வைத்தான். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, யாராவது படியேறினால் தலை மெதுவாக அவர்கள் பக்கம் திரும்பும்படி புரோகிராமை மாற்றினான். நன்றாகத்தான் வேலை செய்தது. பக்கத்துப் பண்ணைக்காரி துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்லைங்க. தூக்கத்துலயே நிம்மதியா போயிட்டார்."

ங்ஙீ... ங்ஙீ... தலை இடமும் வலமும் ஆடியது.

வேறு யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். நம் ஆட்கள் ஓட மாட்டோம். பேயே வந்து நின்றாலும் முதலில் எர்த் வயரைத்தான் பார்ப்போம். அவனும் பார்த்தான். மோட்டாருக்கு நடுக்கம், தானாக ஆடுகிறது, என்ன செய்யலாம் என்று கிளப்பில் கேட்டான். ஆளாளுக்கு ஒரு வைத்தியம். மோட்டாருக்குத் தனியாகக் கரண்ட் கொடு. எர்த் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டு. கரண்டைத் தேக்கி வைக்கப் பெரிய கண்டென்சராகப் போடு. மோட்டாரையே தூக்கிப் போடு, மட்டமான சரக்கு. எல்லாம் செய்தான். அதற்குப் பிறகு தபால்காரர் வந்து நின்று, முதியோர் இல்லத்துக்குப் போக மெர்லுக்குச் சம்மதம்தானா என்று கேட்டார். அவரேதான் போறேன்னார் என்றான் டுவைட். புது மோட்டார், புது வயர்... ங்ஙீ... ங்ஙீ...

கெய்ல், ஒன்று தெரிந்துகொள். நடுக்கம் வந்த மோட்டார் நேரம் காலம் பார்க்காது. யார் பேசுகிறார்கள் என்று பார்க்காது. இது பார்த்தது. டுவைட் தன் அப்பாவைப் பற்றி வாய் திறந்தால் மட்டும் ஆடும். கடைசியில் அவன் வராந்தாவில் பேசுவதையே விட்டுவிட்டான். அப்படியும் அதைக் கழற்றி உள்ளே வைக்கவில்லை. வைத்தால் அது வெறும் மோட்டார் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா. வீம்பு அப்பாவிடமிருந்து வந்தது.

ஹாலோவீன். மிட்டாய்க்கு வந்த பிள்ளைகளின் கடைசிக் கூட்டமும் போய்விட்டது. அப்புறம் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. லோர்னா. வருகிறேன் என்று சொல்லவே இல்லை. படியேறினாள். தலை அவள் பக்கம் திரும்பியது... அது புரோகிராம், அதை விடுங்கள். அவள் தொப்பியைப் பார்த்தாள். மேல்சட்டையைப் பார்த்தாள். நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இதுலதானே அப்பா பேசினார்?"

"அது பொம்மை. உள்ள வா, குளுருது."

அவள் காதில் வாங்கவில்லை.

"அப்பா, அங்க போறேன்னு நீயாத்தான் சொன்னியா?"

டுவைட் பாய்ந்து சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கினான். அலங்காரத்துக்குப் போட்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது. புகை மெஷின் உஸ்... என்று அடங்கியது. முகம் செதுக்கிய பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்தி மட்டும் எரிந்தது. அதன் மூடி கருகும் வாடை.

தலை ஆடியது. இடம்... வலம்... இடம்... இந்த முறை ங்ஙீ என்ற சத்தம் இல்லை. மோட்டார் செத்துக் கிடந்தது. தலை மட்டும் ஆடியது.

"கண்டென்சர்ல கொஞ்சம் கரண்ட் மிச்சம் இருக்கும்," என்றான் டுவைட். பாருங்கள், அப்போதும் அதுதான் வாயில் வந்தது.

லோர்னா கத்தவில்லை. அழவுமில்லை. அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

"நான் வந்திருப்பேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே சொன்னே?"

அவன் கையிலிருந்த வயரைப் பார்த்தான். அவள் பொம்மையின் பக்கம் திரும்பினாள்.

"இப்பவாவது என்கூட வர்றியாப்பா?"

அந்தக் கழுத்து இரும்புக் குழாய். அது குனியாது. குனிய வைக்கிற மோட்டாரை அவன் வாங்கவே இல்லை. மண்டை மெதுவாக முன்னால் சாய்ந்தது... தொப்பியின் நுனி மார்பில் இடித்தது... மறுபடி நிமிர்ந்தது.

லோர்னா வயர்களோடு சேர்த்து அதைத் தூக்கினாள். உள்ளே வெறும் பிளாஸ்டிக். ஒரு பள்ளிக்கூடப் பையின் கனம்கூட இருக்காது. ஆனால் அவளுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு எட்டு வைத்துவிட்டுக் கீழே இறக்கினாள், மறுபடி தூக்கினாள், கால் தள்ளாடியது. டுவைட்டுக்கு அந்தக் கனம் தெரியும். மூன்று வருஷம் தூக்கிய கனம்.

"முழங்காலுக்கு அடியில கை குடு," என்றான், தன்னையறியாமல். "முதுகை வளைக்காத. உன் முதுகும் போயிடும்."

அவள் அப்படியே செய்தாள். காரின் முன் சீட்டில் உட்கார வைத்தாள், கதவை மூடினாள், பதில் பேசாமல் வீட்டுக்குள் போனாள், அப்பாவின் படத்தை எடுத்து வர. டுவைட் கார் பக்கம் போய்க் கண்ணாடி ஓரமாகக் குனிந்தான். அந்த முகம் அவன் பக்கம்தான் இருந்தது.

"அப்பா... பொய் சொன்னேன். ஆனா மூணு வருஷம் நான்தானே பாத்துக்கிட்டேன். அதுக்காகவாவது..."

காத்திருந்தான். தலை மெதுவாகத் திரும்பியது. இடமும் வலமும் ஆடவில்லை, குனியவுமில்லை. அவனை விட்டுவிட்டு முன்பக்கம் திரும்பி, ரோட்டைப் பார்த்தபடி நின்றது. அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்த பதில்.

கார் கதவுகள் நான்கும் மூடியிருந்தன. உள்ளே வேறு யாருமில்லை. கண்ணாடியில், உள்பக்கமாக, தலை திரும்புவதற்கு முன் வாய் இருந்த இடத்துக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்கு மூச்சின் ஈரம் படிந்திருந்தது. டுவைட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து மறைந்தது.